நின்னா மரம் கீழ போவுமா?

கணபதி, கோவை
ஞாயிறு ராத்திரி

டேய் துரை,

நீ திட்டுவதற்கு முன்னாடி நானே சொல்லிவிடுகிறேன். ஏழு மாசம் ஆச்சு. பால்காய்ச்சுக்கு வரவில்லை, வரமுடியாது என்று போன் கூடப் பண்ணவில்லை, மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டுவிட்டுக் கம்மென்று இருந்தேன். சித்தி என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கே தெரியும், நீ வேறு சொல்லாதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பத்தாவது. சின்னவன் கணக்கில் உன்னை மாதிரி. போதும்.

போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மெஷின் கதையைச் சொல்லியாக வேண்டும், பொறுமையாகப் படி.

சரவணம்பட்டிப் பக்கம் ஜிம் வைத்திருக்கிற ஒரு தம்பி, பெஞ்சு ராக்கு எல்லாம் நம் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்குகிறவன், சித்திரையில் வந்து ஒரு வீடியோ காட்டினான். சாய்வாக ஒரு ஏணி. படிகள் செயினில் கோத்து சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆள் ஏற ஏற ஏணி கீழே இறங்குகிறது, அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். வெளிநாட்டு மெஷின், விலை நமக்குக் கட்டுப்படியாகாதுண்ணா, டைட்டு லூசு பண்ண ஒரு லீவர் வைத்து நீங்க ஒண்ணு செஞ்சு தாங்க என்றான். வருஷம் பூராவும் பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து கடைந்து எனக்கும் சலித்துப்போயிருந்தது. சரி என்றுவிட்டேன். அட்வான்ஸ் கூட வாங்கவில்லை. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

பெரியவள் எங்கேயோ தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள், இது ஒன்றும் புதுசு இல்லையாம். வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் 1818இல் ஜெயில் கைதிகளுக்கென்றே இப்படி ஒன்று செய்திருக்கிறார். பெரிய மரச் சக்கரம், சுற்றிலும் படி, கைதிகள் வரிசையாக நின்று நாள் முழுக்க ஏற வேண்டும். சில ஜெயிலில் மாவு அரைத்தார்கள். அரைக்க ஒன்றும் இல்லாத ஜெயிலில் கூரைமேல் ஒரு காற்றாடியை மாட்டி, அதன் இறக்கையைத் திருப்பி வைத்துச் சக்கரத்தை டைட் பண்ணியிருக்கிறார்கள். காற்றை அரைப்பது என்றே அதற்குப் பெயர். தண்டனை என்று கொடுத்ததை இன்றைக்கு மாசச் சந்தா கட்டிச் செய்கிறோம் பார். கேட்டதும் ஜிம் தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

இனி நீ கொட்டாவி விடுகிற பகுதி. ஆனால் நீ லிஃப்ட்காரன், உனக்கு இது புரியும். டைட், லூசு என்று அந்தப் பையன் சொன்னபோது நான் ஜிம் சைக்கிள் மாதிரி என்று நினைத்தேன். சைக்கிளில் டைட் வைத்தால் காலை அழுத்தி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏணியில் கதையே வேறு. ஏறுகிறவனுடைய எடைதான் இங்கே இன்ஜின், அது பாட்டுக்கு ஏணியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். நான் போடுகிற பிரேக் அந்த இறக்கம் எவ்வளவு வேகம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். அப்படியானால் லூசு என்பது சுலபம் இல்லை, லூசு வைத்தால்தான் ஏணி ஓடும், நீயும் கூடவே ஓடி ஏற வேண்டும். டைட் வைத்தால் தாத்தா பாட்டி கூட ஏறலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்தப் பையனுக்கு இன்னும் புரியவில்லை, லீவரில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் எழுதி மேலே கூட்டினால் கஷ்டம் கூட வேண்டும் என்று பிடிவாதம். தலைகீழாக எழுதி ஒட்டிவிட்டேன்.

முதலில் டிரம்மைச் சுற்றி ஒரு நைலான் பட்டையைக் கட்டி ஸ்குரு வைத்து இறுக்கினேன். நின்ற நிலையில் பிடித்துக்கொள்ளும், பிறகு திடீரென்று வழுக்கும், மறுபடி பிடிக்கும், கட்டை வண்டி மாதிரி குலுங்கல். பத்து நிமிஷத்தில் கருகல் நாற்றம். நாறாமல் என்ன செய்யும்? 80 கிலோ ஆள் நிமிஷத்துக்கு 15 மீட்டர் உயரம் ஏறினால் கணக்குப்படி 196 வாட், அதாவது இரண்டு நூறு வாட் குண்டு பல்பு அந்தப் பட்டைக்குள் எரிகிற சூடு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காந்தத்துக்குப் போனேன். நம்ம பாலிடெக்னிக் லேபில் செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டதும் அது தூக்கக் கலக்கத்தில் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்குமே, நீ கூட அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டாயே, அதே சங்கதி. எட்டு மில்லி அலுமினியத் தட்டு, இரண்டு பக்கமும் நியோடிமியம் காந்தம். லீவரை இழுத்தால் காந்தம் தட்டை நெருங்கும், டைட். விட்டால் விலகும், லூசு. எதுவும் எதையும் உரசாது, தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் சக்தி போய்விடும் என்பதால் தட்டிலேயே காற்றிறக்கை வைத்தேன். ஏணி ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 38 சுற்றுதான், அந்த வேகம் காந்தத்துக்குப் பற்றாது. பழைய சைக்கிள்களிலிருந்து 44 பல், 18 பல் என்று மூன்று ஜோடி போட்டுத் தட்டை 550க்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் அது ஓடினபோது பட்டறைப் பையன்கள் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். உண்மையாகவே பாட்டு மாதிரி ஓடிற்றுடா.

அளவு வைப்பதற்காக, பனையேறியாக இருந்த அப்பாவைக் கணக்கில் எடுத்தேன். இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார், பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சீசனில் 30 மரம், சராசரி 15 மீட்டர், காலை ஒரு தரம் மாலை ஒரு தரம். 900 மீட்டர் வருகிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதில் தினம் பன்னிரண்டரைத் தடவை. தொட்டபெட்டா 2637 மீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஆரம்பித்தால் மூன்றாம் நாள் சாயங்காலம் உச்சியில் நிற்கலாம். இடுப்பில் அரிவாள்பெட்டி, இறங்கும்போது பதநீர்க் கலயம் வேறு. ஜிம் பையன் அரை மணி நேரம் ஏறிவிட்டு 450 மீட்டர் என்று கத்திப் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்பாவிடம் சொன்னேன். "காலத்த மரத்தோட நிறுத்திட்டானா?" என்றார்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ராஜா மச்சான் வந்திருந்தான். உனக்குத் தெரியுமே, 104 கிலோ, எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான். சாப்பிட்ட கையோடு ஏறிவிட்டான். லீவர் முழு லூசில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. நாலு படி வரை சிரித்துக்கொண்டே ஏறினான். ஐந்தாவது படியில் தட்டு ஊளையிட ஆரம்பித்தது, ஏணி பிய்த்துக்கொண்டு ஓடியது, ஆள் அப்படியே கீழே வந்து கணுக்காலில் இறங்கினான். எலும்பு முறியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே.

ராத்திரி உட்கார்ந்து யோசித்த பிறகுதான் என் மடத்தனம் தெரிந்தது. காந்தப் பிரேக் வேகம் கூடக் கூடப் பிடியும் கூடும் என்று நம்பியிருந்தேன். ஓர் அளவு வரைக்கும்தான் அது. ஒரு வேகத்தைத் தாண்டினால் பிடி கூடுவதற்குப் பதிலாகக் குறைய ஆரம்பிக்கும். காந்தம் விலகியிருந்ததால் உச்சப் பிடியே மச்சானின் எடைக்குக் கீழே இருந்திருக்கிறது, அதைத் தாண்டின பிறகு அவனை நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. நின்றிருக்கும்போது காந்தத்துக்குப் பிடி துளியும் கிடையாது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் விட்டிருக்கிறேன்.

மச்சானை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து ஏணிகிட்ட நிற்கிறார். ஒரு விரலால் தட்டைத் தள்ளிப் பார்த்தார். அது வழுவழுவென்று சுற்றியது. கீழ்ப் படியில் ஒரு காலை வைத்து ஊன்றினார், படி மெல்லக் கீழே போனது. "ஏலே, ஏறுதவன் நின்னா மரம் கீழ போவுமா?" என்றார். மரத்தில் ஆளால் நிற்க முடியும், தளையில் காலை மாட்டி நெஞ்சைச் சாய்த்து மூச்சு வாங்கலாம், பாளை சீவுகிற வேலையே நின்று செய்கிறதுதானே, உன் மரத்தில் நிற்க இடமே இல்லையே என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

துரை, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அவர் சொன்ன மாதிரியே எழுதிவிடுகிறேன். "நம்ம தங்கராசும் ஏறும்போது விழல. நின்னுட்டுதான் இருந்தான்" என்றார். உங்க அப்பா பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார். அன்றைக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மரத்தில் இருந்திருக்கிறார்கள். கலயத்துக்குத் தடவ இவரிடம் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. "சுண்ணாம்பு இருக்கான்னு நாந்தான் கேட்டேன். திரும்பிப் பாத்தான். கை வச்ச மட்டை காஞ்ச மட்டை." இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எனக்கு டீ வேணும் என்றார்.

ஊர் என்ன பேசியது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கள்ளைக் குடித்துவிட்டு ஏறினான் என்று பேசினார்கள். நாலு வருஷம் கட்டிலில் கிடந்தவர் காதில் விழும்படியே பேசினார்கள். சித்தி அந்தப் பேச்சுக்காகத்தானே கோயில் கொடைக்குக் கூடப் போவதை விட்டார்கள். குடிக்கவில்லை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது, சொன்னால் நான் கூப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டி வரும் என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வாரம் பூராவும் சரியாகப் பேசவில்லை. ராத்திரி அவர் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. சித்தியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு. நான் மறைத்தேன் என்று பின்னால் ஆகக் கூடாது, அவ்வளவுதான். எனக்குப் பதில் எழுதாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. ஏழு மாசம் வரைக்கும் எடுத்துக்கொள்.

மெஷினை உடைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். இப்போது வேறு யோசனை. ஏறுகிறவன் இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு நேராகப் பிரேக்குக்கு. பிரேக் எப்போதும் ஸ்பிரிங்கால் பிடித்துக்கொண்டே இருக்கும், உங்கள் லிஃப்டில் கரண்ட் போனால் தானாகப் பிடிக்குமே, அந்த மாதிரி. ஆள் மேலே ஏறினால் கயிறு இழுத்துப் பிரேக்கைத் திறக்கும், ஏணி இறங்கும். அவன் நின்றால் ஏணி அவனை ஒரு சாண் கீழே கொண்டுவருவதற்குள் கயிறு தளர்ந்து பிரேக் மூடிக்கொள்ளும். நின்றால் மரம் நிற்கும். வேகத்தையும் ஏறுகிறவனே வைத்துக்கொள்கிறான், காந்த லீவர் அதற்கு மேல் ஒரு கனத்துக்கு மட்டும். லீவர் ஓர் அளவுக்கு மேல் லூசாகாதபடி குறுக்கே ஒரு போல்ட்டும் போட்டுவிட்டேன். அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். இடுப்பில் கயிறு என்றதும் தலையை ஆட்டினார்.

கயிறே அறுந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் நீ வேண்டும். டிவிஎஸ் மொபெட் கிளட்சைக் கழற்றி வைத்திருக்கிறேன். வேகம் கூடினால் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், ஆனால் அது இன்ஜின் வேகத்துக்குச் செய்தது, என் 550க்கு அசைய மாட்டேன் என்கிறது. மெல்லிய ஸ்பிரிங் போட்டு, கட்டைக்கு ஈயம் வைத்துப் பார்த்தேன், 700ஐத் தாண்டின பிறகு லேசாகத் தொடுகிறது. பிடிக்கவில்லை, தொடுகிறது. உங்கள் லிஃப்டில் வேகம் மீறினால் பிடிக்கிற கவர்னர் இருக்கிறதே, 115 சதவீத வேகத்துக்கு மேல் போனால் அதன் கொக்கி விழும் என்று ஒருமுறை சொன்னாய், அந்தப் பல்லும் கொக்கியும் எப்படி மாட்டுகிறது என்று பக்கவாட்டில் ஒரு போட்டோ வேண்டும். லிஃப்டுக்குப் பாதுகாப்புப் பிடி கண்டுபிடித்த ஓடிஸ் 1854இல் நியூயார்க்கில் மேடைமேல் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்ன கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறாய். இன்னொரு தடவை சொல், இந்தத் தடவை நோட்டோடு உட்கார்கிறேன்.

மச்சானுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, நேற்று வந்து மறுபடியும் லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான். அவன் அக்காதான் என்னோடு இன்னும் பேசவில்லை.

உன்,
முருகேசன்

ஒன்று விட்டுப்போச்சு. ஊரிலிருந்து கருப்பட்டி வந்திருக்கிறது, யார் மஸ்கட் போகிறார்கள் என்று தெரிந்தால் சொல், இரண்டு கிலோ கொடுத்துவிடுகிறேன்.