நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வெள்ளப் பாடம்

சார், டீச்சர் எல்லோருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பேரிடர்ப் பாடத்தை எடுத்துவிடுவோம். வாசிக்க வைத்தால் மட்டும் போதாது.

அறிவியலுக்கு, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவில் ஸ்கேல் ஒட்டித் திறந்தவெளியில் வையுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அதாவது 950 லிட்டர்! எத்தனை குடம் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

சமூக அறிவியலில் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணியை வரையச் சொல்லுங்கள். திருநெல்வேலியில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்தால் நம் தெருவில் யார் எங்கே போவது என்றும் கேளுங்கள். அப்புறம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 மனப்பாடம் ஆகவேண்டும். ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

டப்பா படத்தைக் குழுவில் போடுங்கள். குட்மார்னிங் படங்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.