'இன்னா' என்பது பிழையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காகப் போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பைப் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி மூன்றுக்கும் சேர்த்து அதில் அரைப் பத்தி. 'மருத்துவப் படிப்பு கிடைக்காதவர்களுக்கு நல்ல மாற்று, வெளிநாட்டில் கைநிறையச் சம்பளம்' என்று முடித்துவிட்டீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் 12 வருடமாக இந்த மூன்று பேருடைய அறைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்துக்கிடப்பவள் நான். அரைப் பத்தியில் அடங்காத சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகனுக்குப் பெருமூளை வாதம். 'சி.பி.' என்பார்கள். இப்போது 13 வயது. கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகால் தரையில் படாமல் போகும். அதைத் தினமும் இழுத்து நீட்டிவிட வேண்டும். இது பிசியோ வேலை. சட்டைப் பட்டன், பல் துலக்குவது, தட்டிலிருந்து சோற்றை அள்ளுவது, இதெல்லாம் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சொல்லிக்கொடுப்பார். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேசக் கற்றுத்தருபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, 'சாப்பிடும்போது புரையேறுகிறதா?' என்பது. மடியில் மல்லாக்கப் போட்டு வாயில் ஊற்றிப் பழகியவள் நான். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, தண்ணீராக இல்லாமல் கெட்டிக் கஞ்சியாகக் கொடுக்கச் சொன்னார். அதுவரை மாதம் தவறாமல் வந்த நெஞ்சுச் சளி அதற்கப்புறம் வெகுவாகக் குறைந்துவிட்டது. விழுங்குவதும் அவர்கள் படிப்பில் ஒரு பாடமாம். இது உங்கள் இணைப்பில் இருந்திருந்தால் நான்கு பிள்ளைகளாவது நிமிர்ந்து உட்கார்ந்து படித்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் ஆறு வயதில்தான் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டான். 'இன்னா?' என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் பயிற்சி மையத்தில் (நகரின் தெற்குப் பக்கம், பெயர் வேண்டாம்) அதையே சொன்னான். அங்கிருந்தவர் உடனே அதைப் பிழை என்று குறித்துக்கொண்டு, 'எ... என்ன... சொல்லு' என்று திருத்தத் தொடங்கினார். மூன்று மாதம் அது ஓடியது. வடசென்னையில் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வதைத்தான் அவன் சொன்னான். என் மாமியார் சொல்வதை, நான் சொல்வதை. அது உச்சரிப்புக் குறை இல்லை, வட்டாரப் பேச்சு. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கெட்டவர் இல்லை, பாவம், எங்கள் பக்கமே வந்திராதவர். படம் காட்டும் அட்டைகளும் அப்படியே: பியானோ, ஸ்ட்ராபெர்ரி, கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிற மீன் ஒன்று. இவன் அப்பா காசிமேட்டில் ஐஸ் லாரி ஓட்டுகிறார். இவனுக்குத் தெரிந்த மீன் சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி.

பிறகு வீட்டருகே ஒரு சின்ன மையத்தில் தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் ஸ்பீச் தெரபிஸ்டாக வந்தார். முதல் நாளே, 'இன்னாவை விடுங்கக்கா, அது சரியாத்தான் சொல்றான்' என்றார். மறுவாரம் மார்க்கெட்டில் எடுத்த மீன் போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு சொல் சேர்த்துப் பேச அவரிடம்தான் கற்றான். அதே மையத்து ஓ.டி. ஒருமுறை வீட்டுக்கு வந்தார். பத்துக்குப் பத்து அறை, இதில் நிற்கவைக்கும் சட்டகம் எங்கே வைப்பது? பாயைச் சுருட்டிக் கட்டி உருளையாக்கினார், பிளாஸ்டிக் குடத்தில் பாதி தண்ணீர் நிரப்பித் தள்ளவைத்தார். லாரித் தண்ணீர் வரும் நாளில் என் பிள்ளையும் ஒரு குடம் நகர்த்தினான்.

ஒன்பது மாதம். அந்த ஸ்பீச் பெண் வேலையை விட்டுவிட்டார். ஒப்பந்தச் சம்பளம், அதுவும் மூன்று மாதம் பாக்கி. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது, போனார். நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இவன் அதற்கப்புறம் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் முதல் அட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். இப்படி இதுவரை எட்டு பேரைப் பார்த்துவிட்டோம்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். ஆனால் தெரபி என்பது ஊசி போட்டுக்கொண்டு வருவது போல இல்லையே. வாரம் மூன்று நாள், வருடக்கணக்கில். பேர் சொல்லிக் கேட்கும் இடங்கள் எல்லாம் தெற்கே: 1985-இலிருந்து இயங்கும் கோட்டூர்புரம் வித்யாசாகர், கே.கே.நகர் அரசு மறுவாழ்வு நிலையம், 2005-இல் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த மத்திய அரசின் தேசிய நிறுவனம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய புண்ணியம், லிப்டில் சக்கர நாற்காலியோடு ஏறிவிடலாம். அதற்கு முன் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ். தனியார் என்றால் ஒரு செஷனுக்கு நாங்கள் கொடுப்பது 500 ரூபாய். வாரம் மூன்று என்றால் மாதம் ஆறாயிரத்துக்கு மேல். அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் வருடச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016-இல் வந்த சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. சட்டம் விரிந்த வேகத்தில் ஆட்கள் வரவில்லை. வந்தவர்களையாவது வைத்துக்கொள்கிறோமா? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு, பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடமாகப் போராடுகிறார்கள். அவர்கள் சாலையில் உட்காரும்போது, செய்தியை உள்பக்கத்தில் நான்கு வரியாகப் போடுவதும் உங்கள் பத்திரிகைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டுச் சம்பளத்தைச் சொன்ன நீங்கள், எந்தப் படிப்பை எங்கே சரிபார்ப்பது என்பதையும் போட்டிருக்கலாம். பேச்சு-கேட்பியல் பட்டம் (பி.ஏ.எஸ்.எல்.பி.) மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. சிறப்புக் கல்விப் பட்டயம் இரண்டு வருடம். இந்த இரண்டுக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும், முடித்தபின் அங்கே பதிவு வேண்டும். பிசியோவும் ஓ.டி.யும் 2021 சட்டப்படி வந்த வேறொரு தேசிய ஆணையத்தின் கீழ். பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் இது முக்கியம். 1992-ஆம் வருட மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு. ஆனாலும் 'ஆறு மாதத்தில் ஆட்டிசம் குணம்' என்று போர்டு மாட்டிய ஒருவரிடம் நாங்கள் போய் ஏமாந்திருக்கிறோம். பதிவு எண் கேட்டதும் டீ வாங்கி வரச் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

இந்த வேலை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் எழுத வேண்டும். முதுகு வலிக்கும். பிள்ளை கடிக்கும், எச்சில் வடியும். ஒரு பட்டனை மாட்ட ஏழு மாதம் ஆகும். எங்களைப் போன்ற அம்மாக்கள் வேறு, ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்போம்.

இணைப்பைக் கொண்டுவந்து காட்டிய பெண் கொருக்குப்பேட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவள், அறிவியல் பிரிவு. கேட்டில் ரயிலுக்காக நிற்கும் நேரமெல்லாம் என் மகனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் வாயாடிக்கொண்டிருப்பாள். அவள் பேசினால் மட்டும் இவன் மூன்று சொல் சேர்த்துப் பதில் சொல்கிறான். 'ஆன்ட்டி, இதுக்கு இங்கியே வேலை கெடைக்குமா?' என்று கேட்டாள். 'துபாய்ல கெடைக்கும்னு போட்டிருக்காங்க' என்றேன். வரும் செவ்வாய்க்கிழமை செஷனுக்கு அவளையும் கூட்டிப்போகிறேன். ஓரமாக உட்கார்ந்து பார்க்க மையத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். அவளுடைய கேள்விக்கு உங்கள் அடுத்த இணைப்பில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காலடிப்பேட்டை, சென்னை-19