மூக்குத்தி விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளையின் மூக்கு சிவந்து வீங்கியிருக்கிறது. கீழே எங்கள் கடையின் பெயர், அதோடு "பவுண் என்று சொல்லிப் பித்தளை விற்கிறார்கள்" என்று ஒரு வரி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலிருந்தெல்லாம் அழைத்து விசாரித்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பித்தளைப் பேச்சு. பிள்ளையின் தகப்பனார் மூக்குத்தியைக் கொண்டுவந்த அன்றே, அவர் கண்முன்னால் உரைகல்லில் உரைத்துக் காட்டினோம். பிறகு இயந்திரத்திலும் வைத்தோம். 91.6 வீதம் என்று காட்டியது. 22 கரட் என்றால் அதுதான்: ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். கல் பதித்த தலை மட்டுமல்ல, கம்பியும் திருகும் அதே தங்கம். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் அப்பா தொடங்கிய கடை இது. ஆடிவேல் தேர் வாசலால் போகும்போது அப்பா கடைச் சாவியைக் கையில் வைத்துக் கும்பிடுவார். அந்த வாசலில் நின்று பித்தளையைப் பவுண் என்று சொல்ல எங்களுக்கு நா வராது. இந்த ஒரு வார்த்தை எங்களை எவ்வளவு வருத்தியது என்று எழுதி முடியாது. சந்தேகம் உள்ள யாரும் எங்களிடம் வாங்கிய எந்த நகையையும் கொண்டுவாருங்கள், காசில்லாமல் சோதித்துக் காட்டுகிறோம்.

அப்படியானால் மூக்கு ஏன் வீங்கியது? பிள்ளைக்கு வேறோர் இடத்தில், துப்பாக்கி போன்ற கருவியால் குத்தியிருக்கிறார்கள். அந்தக் கருவி ஊசியைப் போல வெட்டாது, மொட்டைக் கம்பியை அழுத்தித் தள்ளும். பெரும்பாலும் பிளாஸ்டிக் பாகங்கள் என்பதால் ஓட்டோகிளேவில், அதாவது அழுத்தமான நீராவியால் கிருமி கொல்லும் பெட்டியில், வைத்து 121 பாகை செல்சியசில் கிருமி நீக்கவும் முடியாது. மூக்கின் ஓரமும் காதின் மேல்மடலும் குருத்தெலும்பு உள்ள இடங்கள், அங்கே கிருமி போனால் லேசில் ஆறாது. குத்தி மூன்றாம் கிழமை எங்கள் கடைக்கு வந்து மூக்குத்தி வாங்கினார்கள். எங்கள் கடைப் பையன் எப்போது குத்தியது என்று கேட்காமல் உடனே மாற்றிப் போட்டுவிட்டான். அது எங்கள் பிழை. தகப்பனாரிடம் நேரே மன்னிப்புக் கேட்டோம், உங்களிடமும் கேட்கிறோம்.

நல்ல தங்கம்தானே, போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் மூக்குத்திக் கம்பியின் வெளிப்புறத்தில் திருகு மரை இருக்கும். ஆறாத துளைக்குள் அதைத் தள்ளும்போது ஒவ்வொரு மரையும் உள்தோலைச் சுரண்டிக்கொண்டு போகும். 22 கரட் மெதுவான தங்கம், கம்பியில் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். காதுச்சோணை ஆற 6 முதல் 8 கிழமை, மூக்கு ஆற 4 முதல் 6 மாதம், மேல்காது ஆற ஒரு வருடம்கூட எடுக்கும். அதுவரைக்கும் உடம்புக்குள் பொருத்தும் தரத்து டைட்டேனியம்தான் நல்லது. ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரக்குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். மரை கம்பிக்கு உள்ளே இருக்கிற வகை, அல்லது மரையே இல்லாமல் செருகும் வகை பாருங்கள். வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதால் முதல் கம்பி கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.

"சேர்ஜிக்கல் ஸ்டீல்" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெயரில் விற்கும் 316எல் ஸ்டீலில், சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் நிக்கல் பத்து வீதத்துக்கு மேல் இருக்கிறது. மலிவான தோட்டால் காது அரித்த அனுபவம் உள்ளவர்கள் அதைத் தவிருங்கள். வெள்ளைத் தங்கத்திலும் சிலவேளை நிக்கல் கலப்பார்கள், கேட்டு வாங்குங்கள். வெள்ளி கறுக்கும், புதுத் துளைக்கு வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் மூக்குத்தி தெரியாமல் இருக்க ரிட்டெய்னர், அதாவது துளை மூடாமல் செருகிவைக்கும் நிறமில்லாத குச்சி, கேட்கிறீர்கள். கண்ணாடியில் செய்ததுதான் எங்கள் தெரிவு. வழவழப்பாக இருக்கும், சூட்டில் கிருமி நீக்கலாம், எம்ஆர்ஐ எடுக்கும்போது உலோகம் என்ற பிரச்சினையும் இல்லை. (ஸ்கான் எடுப்பவர்களிடம் அப்போதும் சொல்லிவிடுங்கள்.) அக்ரிலிக் வேண்டாம், போன வருடம் எங்களிடம் அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் குச்சி வாங்கியவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். அம்மம்மா வேப்பங்குச்சி செருகியது எனக்கும் நினைவிருக்கிறது, ஆனால் மரக்குச்சி ஈரத்தை உறிஞ்சும், புதுத் துளைக்கு அது சரிவராது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசாமல் 0.9 வீத உப்புநீரால் கழுவினால் போதும். சீழ் வைத்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், துளையின் வாய் மூடிச் சீழ் உள்ளே அடைபடும். உடனே டொக்டரிடம் போங்கள்.

முப்பது வருடமாகக் காது குத்திய எங்கள் பத்தர் ஐயா, கண் மங்கியதால் தையோடு ஓய்வெடுத்துவிட்டார். இப்போது பயிற்சி பெற்ற தங்கச்சி ஒருவர், ஒரு தடவை மட்டும் பாவிக்கும் ஊசியால் குத்துகிறார். இதனால் அடுத்த மாதத்திலிருந்து குத்துவதற்கு 2,500 ரூபாய் எடுக்கிறோம். ஆறாத துளையில் நகை மாற்றிப் போட மாட்டோம், தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் பேத்தியின் முதல் தோட்டுக்கு எங்களிடமே வந்த அம்மாவுக்கும், "உங்களைத் தெரியாதா தம்பி" என்று அழைத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பிள்ளையின் வீக்கம் வற்றிவிட்டது. மூக்கு நன்றாக ஆறியதும் அதே மூக்குத்தியைப் போட்டுவிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
செட்டியார் தெரு, கொழும்பு 11