ஒயில் தாங்கியை வெட்டி எறிய முன்: பழைய டூ-ஸ்ட்ரோக் படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோ ஏரிகளில் படகு ஓட்டும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

பனி கரைந்து சிம்கோவிலும் ஸ்காகோக்கிலும் படகு இறக்கும் காலம் வந்தால் ஒரு புத்திமதியும் கூடவே வந்துவிடும். "உந்த ஒயில் ராங்கைக் கழட்டி எறி. ஊரில செய்தமாதிரி பெற்றோலோட கலந்து ஓடு." (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து போக வேண்டும்.) சொல்பவர் பெரும்பாலும் கடலோரத்தில் வளர்ந்தவராக இருப்பார். கையால் ஒயில் கலந்து அவுட்போர்டு ஓட்டிப் பழகியவர். அவர் சொல்வது அந்தச் சின்ன எஞ்சின்களுக்குச் சரி. அவற்றில் ஒயில் பம்ப் என்ற சாமானே இல்லை. ஆனால் இங்கே நாம் மலிவாக வாங்குவது எண்பதுகள், தொண்ணூறுகளில் வந்த 150, 175, 200 குதிரைவலு வீ-6, அதாவது ஒயில் பம்போடு வந்த ஆறு சிலிண்டர் எஞ்சின். அதில் கையை வைக்க முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒயில் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது எஞ்சினே ஒயிலை இழுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு, இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். எவின்ரூட், ஜோன்சன் எஞ்சின்களைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 1984இல் விஆர்ஓ என்ற பம்பைக் கொண்டுவந்தது. பெற்றோலையும் ஒயிலையும் ஒரே பம்ப் இழுத்துக் கலக்கும். ஆரம்பகாலப் பம்புகள் சில காலை வாரிவிட்டன. அதோடு 'ஒயில் இன்ஜெக்ஷனா, வெட்டி எறி' என்பது படகுத்துறைகளில் வேதவாக்கானது. மேர்க்குரி, யமஹா எஞ்சின்கள் வேறு வழியில் வேலை செய்பவை என்பதை யாரும் பார்ப்பதில்லை. யமஹாவில் மின்பம்ப் ஒன்று பெரிய தாங்கியிலிருந்து எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சின்னத் தாங்கிக்கு ஒயிலை ஏற்றும். மேர்க்குரி வீ-6இல் அந்த மின்பம்பும் கிடையாது. எஞ்சினின் கிராங்க் அறையில் (பிஸ்டன்கள் சுற்றும் பிரதான தண்டு இருக்கும் அறை) உண்டாகும் அழுத்தம் ஒரு ஹோஸ் வழியாகப் படகின் பின்பக்கம் இருக்கும் பெரிய தாங்கிக்குப் போகும். அந்த அழுத்தம் ஒயிலைத் தள்ளி இன்னொரு ஹோஸ் வழியாக மேலே எஞ்சினில் இருக்கும் சின்னத் தாங்கிக்கு அனுப்பும். அங்கே கிராங்க் தண்டோடு பல்சக்கரத்தால் சுற்றும் சின்னப் பம்ப் ஒன்று, த்ரொட்டிலைப் பார்த்து ஒயிலைக் கூட்டிக் குறைக்கும். மெதுவாக ஓடும்போது கிட்டத்தட்ட 100:1 (நூறு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில்), முழு வேகத்தில் 50:1. கையால் கலந்தால் எப்போதும் 50:1தான். ஆகவே மெல்ல ஓட்டி மீன்பிடிக்கும் நேரம் முழுக்கப் புகை, அப்புறம் ஸ்பார்க் பிளக் அடைப்பு.

மேர்க்குரிக்காரர் பலரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: பெரிய தாங்கி நிறைய ஒயில் இருக்கிறது, சின்னத் தாங்கி வற்றுகிறது, ஹார்ன் விட்டுவிட்டுக் கத்துகிறது. உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். பம்ப் அதற்குப் பிறகுதான் வருகிறது. கீழே அழுத்தம் நிற்கவில்லை, அவ்வளவுதான். எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுப் பெரிய தாங்கியின் மூடியை மெல்லத் திருகிப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று வெளியேற வேண்டும். சத்தம் வராவிட்டால் மூடியைக் கையில் எடுத்து உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகி, விரலால் வளைத்தால் மயிரிழைபோல வெடிப்புத் தெரியும். கூடுதலானோருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அழுத்த ஹோஸ், அதில் இருக்கும் ஒருவழி வால்வு, கடைசியாகத் தாங்கியின் அடியில் ஒயில் இழுக்கும் குழாயின் வலை என்று போங்கள்.

முப்பது வருடப் பழைய படகென்றால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக மாற்றுவதே புத்தி. ஒன்று கடினமாகியிருந்தால் மற்றதும் அப்படித்தான் இருக்கும். நீலக்கோடு போட்டது ஒயில் ஹோஸ், கோடில்லாதது அழுத்த ஹோஸ். புதிய ஒயில் ஹோஸில் கோடு இல்லாவிட்டால் அதன் இரண்டு முனையிலும் நீல டேப் சுற்றிவையுங்கள். பழைய ஹோஸின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தால் ரிகிங் குழாய்க்குள் (வயர்களும் ஹோஸ்களும் எஞ்சினுக்குப் போகும் குழாய்) அதுவே போய்ச் சேரும். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஹோஸை மட்டும் வாங்காதீர்கள், அது மஞ்சளாகி விறைத்துவிடும். பொருத்தி முடித்ததும் எஞ்சினை முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஹோஸ் நசிந்தால் அப்போதே தெரியும்.

தாங்கியையும் கழற்றிவிட்டால், அடியில் கிடக்கும் ஒயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கழுவிக் காயவைத்துத்தான் திரும்ப நிரப்ப வேண்டும். ஊற்றுவது டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட, படகு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஒயிலாக இருக்கட்டும். மோட்டார்சைக்கிள் டூ-ஸ்ட்ரோக் ஒயில் இதற்கு ஆகாது.

இனிக் காற்றெடுப்பது, அதாவது ஒயில் போகும் வழியில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது. இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். சின்னத் தாங்கியை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, அதன் மூடியைத் தளர்த்தினால் கீழிருந்து வரும் ஒயில் காற்றைத் தள்ளிக்கொண்டு விளிம்புவரை ஏறும். ஏறியதும் இறுக்குங்கள். பம்பில் ஒரு பிளீட் திருகாணி இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஒயில் வரும்வரை பொறுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் முதல் டாங்க் பெற்றோலை 50:1 கலந்தே ஓட்டுங்கள், 25 லிட்டருக்கு அரை லிட்டர். பெரிய தாங்கியின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பெற்றோல் தீரும்போது ஒயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் பம்பை நம்பிச் சாதாரணப் பெற்றோல் ஊற்றலாம்.

சாவியை 'ஓன்' செய்ததும் ஹார்ன் ஒருதரம் கீச்சிட வேண்டிய மாடல்கள் பல. கீச்சிடாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கள். முன்பு வைத்திருந்தவர் சத்தம் தாங்காமல் வயரைக் கழற்றிவிட்டிருப்பது ஒன்றும் அதிசயமில்லை.

வெட்டி எறிவதே சரியென்று வரும் நேரமும் உண்டு. மேர்க்குரியின் பலவீனம் கிராங்கில் பொருத்தியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரம். அது தேய்ந்து பல் உடைந்தால் பம்ப் நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்து அதை மாற்றும் செலவு படகின் விலைக்கே கிட்ட வரலாம். அப்போது கலந்து ஓடுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஹோஸை மட்டும் கழற்றிவிட்டுப் பம்பை வெறுமையாகச் சுற்றவிடாதீர்கள். பம்பையும் அதை ஓட்டும் சக்கரத்தண்டையும் எடுத்துவிட்டுத் துளைக்கு மூடி போட வேண்டும்.

கடைசியாக, விற்பவர்களுக்கு. ஒயில் ஏற்பாட்டைத் துண்டித்த படகை, தாங்கியும் ஹோஸும் அப்படியே தெரியவிட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் விற்கிறீர்களே, இதை என்னவென்று சொல்வது? வாங்குபவர் தாங்கி நிறைய ஒயிலைப் பார்க்கிறார், நம்பி வெறும் பெற்றோலை அடிக்கிறார், முதல் ஓட்டத்திலேயே பிஸ்டன் இறுகி நிற்கிறது. வாயால் சொன்னால் மட்டும் போதாது. பெற்றோல் அடிக்கப் போவது அவருடைய மருமகனாகக்கூட இருக்கலாம். தாங்கியைப் படகிலிருந்து எடுத்துவிடுங்கள். பெற்றோல் மூடிக்குப் பக்கத்திலேயே '50:1 கலந்து ஊற்றவும்' என்று, ஆங்கிலத்திலும் சேர்த்து, அழியாத மையால் எழுதி விற்றுவிடுங்கள்.

அன்புடன்,
பழைய வீ-6 ஒன்றோடு மாரடிப்பவன்