ஒப்புதல் படிவத்தில் விடுபட்ட வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆய்வுகள் நெறிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் குழுவில், சில ஆண்டுகளாகப் பொது உறுப்பினராக இருந்து வருகிறேன். இத்தகைய குழுக்களில் மருத்துவம் சாராத ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஆய்வுக்கு வருவோரிடம் தரப்படும் ஒப்புதல் படிவத்தின் தமிழைப் படித்து, அது சாதாரண மனிதருக்குப் புரியுமா என்று சொல்வதே பெரும்பாலும் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து, மரபணு ஆய்வுத் தரவுகளை யார், எதற்காக, எந்தக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தலாம் என்ற கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒருநாள் ரத்தம் எடுக்கும் அறையில் ஓரமாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோய் பற்றிய மரபணு ஆய்வு அது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் நான்கு பக்கப் படிவத்தை ஒருவர் வேகமாக வாசித்துக் காட்டினார், சாட்சி கையெழுத்திட்டார், அந்த அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்தபடி, "ரிப்போர்ட் எப்ப வரும் சார்?" என்று கேட்டார். அந்த ஆய்வில் அவருக்கு ரிப்போர்ட் எதுவும் கிடையாது. 'தங்கள் மாதிரியிலிருந்து பெறப்படும் தகவல்கள் எதிர்கால ஆராய்ச்சிகளுக்காகப் பிற நிறுவனங்களுடன் பகிரப்படலாம்' என்ற வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை அவர் காதால் கேட்டார் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நானே பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற சிறிய பழங்குடி இருக்கிறது. 1990 முதல் அம்மக்கள் தங்களிடையே பெருகிவரும் சர்க்கரை நோயைப் பற்றிய ஆய்வு என்று நம்பி ஒரு பல்கலைக்கழகத்தாரிடம் ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணம் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது 2003இல்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது. வழக்கு நடந்து, 2010இல் 7 லட்சம் டாலரும் மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்ப வந்தன. கண்ணாடிக் குப்பியில் இருந்ததால் ரத்தத்தைத் திருப்பிக் கேட்க முடிந்தது. பல கணினிகளுக்கு நகலாகிப் போய்விட்ட தரவை எப்படித் திருப்பிக் கேட்பது?

பெயரை நீக்கிவிட்டுத்தானே கொடுக்கிறார்கள் என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொல்வதுண்டு. 2008இல் ஓர் ஆய்வு, பலரின் மரபணு விவரங்களைக் கலந்து மொத்தக் கணக்காக வெளியிட்டாலும், அந்தக் கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நபர் இருந்தாரா என்று கண்டுபிடிக்கலாம் எனக் காட்டியது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் அதுவரை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்த அத்தகைய தொகுப்புகளை உடனே உள்ளே எடுத்து வைத்தது. 2013இல் வேறொரு குழுவினர், ஆண்வழியில் இறங்கும் ஒய் குரோமோசோமின் அடையாளங்களை இணையத்தில் உள்ள வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரை ஊகித்து, வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்து, ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு என்பதால் நாம் தப்பித்தோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் மாவட்டம், சாதி, வயது, நோய் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் இருந்தால், சிறிய ஊர்களில் அது யார் வீடு என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். மேலும், ஒருவர் கொடுத்த ஒப்புதலால் கேட்கப்படாத அண்ணன் தம்பியும் பங்காளிகளும் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்காகக் கதவை இழுத்து மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அதைவிடப் பெரிய தவறு. வைசிய சமூகத்தினரில் சிலருக்கு ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக உள்ளது. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து அவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியாமல், நெடுநேரம் தானாக மூச்சுவிட முடியாதபடி செய்துவிடும். இது தெரிந்திருப்பதால் மயக்க மருந்து நிபுணர்கள் முன்கூட்டியே கேட்டு எச்சரிக்கையாக இருக்க முடிகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திற்குள்ளும் சாதிக்குள்ளும் மணமுடிக்கும் நம் நாட்டில் இன்னும் தெரிய வராத இத்தகைய குறைபாடுகள் பல இருக்கலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியாவில் ஆராயப்பட்ட 263 குழுக்களில் 81 குழுக்கள், பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து கிளைத்தவை என்று கூறியது. மருந்து கண்டுபிடிக்கவும் கருவிலேயே நோயறியவும் இத்தரவுகள் ஆய்வாளர்களின் கைக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் 'இந்தச் சாதிக்கு இந்த நோய்' என்ற அதே செய்தி பெண் பார்க்க வருபவர் வாயிலோ, காப்பீட்டு முகவர் கையிலோ என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மரபணுவைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு செய்வதைத் தடுக்க 2008 முதல் தனிச்சட்டம் உள்ளது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தகவல் தனிப்பாதுகாப்புக்குரிய வகையில் வைக்கப்பட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை, ஆராய்ச்சிக்கு விலக்கும் உண்டு.

2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தின. 2025 ஜனவரி 9 அன்று அத்தரவு ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அது ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. விண்ணப்பித்து, அனுமதி பெற்றே அணுக வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். இதைப் போலல்லாமல், '1000 ஜீனோம்ஸ்' என்ற உலகளாவிய திட்டத்தின் தரவை யாரும் அனுமதியின்றித் தரவிறக்கலாம். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 100 பேருக்கும் மேற்பட்டோர் அதில் உள்ளனர். அங்கே அது பொருந்தும், ஏனெனில் கொடுத்தவர்களின் நோய் விவரம் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. திறந்த வெளியீடு என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. உயரம், எடை, ரத்தப் பரிசோதனை முடிவு என்று எல்லாமே கூடவே வரும் தரவுக்கு அதே அளவுகோல் பொருந்தாது.

அனுமதி தரும் குழுவிடம் நான் எதிர்பார்ப்பது, யாருக்கு, என்ன நோக்கத்துக்காக அனுமதி தரப்பட்டது என்ற பட்டியலைத் தொடர்ந்து பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பதே. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவுக் களஞ்சியமான யூகே பயோபேங்க் 5 லட்சம் பேரின் தரவை வைத்துக்கொண்டு, தான் ஒப்புதல் அளித்த ஆய்வுகளின் சுருக்கத்தை வெளியிட்டு வருகிறது. தரவைக் கொடுத்தனுப்புவதற்குப் பதிலாக, ஆய்வாளர் இணையம் வழியே உள்ளே நுழைந்து அதன் கணினித் தளத்திலேயே வேலை செய்யும் முறைக்கும் அது மாறிவிட்டது. கன்னிமாரா நூலகத்தில் பழைய நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே அமர்ந்து குறிப்பெடுக்கலாம் அல்லவா, அதுபோலத்தான். விலகிக்கொள்ள விரும்பும் ஒருவரின் தரவை இனிவரும் ஆய்வுகளிலிருந்து எடுத்துவிடவும் இதில் வழி இருக்கிறது. அதே சமயம், அனுமதிக்கு ஒரு கால வரம்பும் வேண்டும். ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து சலித்துப்போகும் மாவட்டக் கல்லூரி ஆய்வாளர்களை நானே பார்த்திருக்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் திறக்கும் கதவைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் முதல் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லி நான் எழுதி வைத்திருக்கும் வாசகம் இது: 'இது ஆராய்ச்சி. இதில் உங்களுக்கு ரிப்போர்ட் தர மாட்டோம். உங்கள் ரத்தத்திலிருந்து கிடைக்கும் விவரத்தைப் பெயர் இல்லாமல் சேமித்து வைப்போம். வேறு ஊர், வேறு நாட்டு ஆய்வாளர்களும், மருந்து நிறுவனங்களும் அனுமதி வாங்கி அதைப் பார்க்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் அது நீங்கள்தான் என்று என்றாவது ஒருவர் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. அது உங்கள் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பற்றியும் சொல்லும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், வைத்தியம் நிற்காது.' இதில் விடுபட்டதோ தவறாகச் சொல்லப்பட்டதோ இருந்தால், தங்கள் வாசகர்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும், முக்கியமாக என்றாவது இப்படி ரத்தம் கொடுத்தவர்களும், இதே பக்கத்தில் எழுதித் திருத்தித் தந்தால் கூட்டத்துக்கு எடுத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்