சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பாடகர்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைக் கேட்டேன். "போதுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க தூங்க வேணாமா" என்று அம்மா சத்தம் போடும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். டி.எம்.எஸ்.ஸோடு நின்றுபோன காதுக்கு முதலில் என்னவோபோல் இருந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

தம்பியிடம் அவர் கதையையும் தேடித் தரச் சொன்னேன். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கடற்படையில் ஒன்பது வருஷம். பிறகு விமானக் கழிவறைச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் ஆல்பம் 1971இல் வந்தபோது வயது 32. அதன் அட்டைப்படத்தை நீ பார்த்திருப்பாய். தொழிற்சாலைச் சுவரோரம், கையில் சாப்பாட்டுப் பெட்டி. மதிய இடைவேளையில் எடுத்ததாம். பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று வேலையையும் உடனே விடவில்லை. செம்பவாங் கப்பல் பட்டறைக்கு நான் பெட்டியோடு போன நாள்கள் ஞாபகம் வந்தன. நீ ஏன் மெல்பர்னில் கிடங்கில் வேலை பார்ப்பதைக் கச்சேரிக்கு வருகிறவர்களிடம் மறைக்கிறாய்?

1985க்குப் பிறகு அவர் ஆல்பமே போடவில்லை. கம்பெனிக்காரர்களின் நச்சரிப்பு பிடிக்காமல் ஒதுங்கிவிட்டார். 2020இல் 81 வயதில் இறக்கும்வரை அப்படித்தான். அந்தத் துணிச்சல், கையில் வேறு தொழில் தெரிந்தவருக்குத்தான் வரும் என்பேன். நீ சிரிப்பாய்.

சரி, எழுத வந்தது வேறு. 28 வயதுவரை அவருக்குப் பேச்சு திக்குமாம். அந்தப் பாட்டின் நடுவில் 'எனக்குத் தெரியும்' என்பதையே 26 தடவை பாடுகிறார், எண்ணிப் பார்த்தாயா? அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். கூட இருந்த இசைக்கலைஞர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தொடக்கநிலை ஆறில் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே எழுத்தில் நீ நின்றுவிட்டால் எனக்குப் பொறுக்காது. மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிட்டு, "போய்த் தூங்கு" என்பேன். உதவி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, கண்ணு.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது உன் புதுப் பாட்டைப் பாடிக் காட்டு. நடுவில் நின்றாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா