முழுச் சேசிஸ் கார்ப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கவுண்டி கண்காட்சித் திடலில் நம் சங்கம் நடத்தும் டெமாலிஷன் டெர்பியில் (பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசிவரை ஓடுவது வெல்லும் போட்டி), முழுச் சேசிஸ் கார்ப் பிரிவு குறித்த அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதி கார் கட்டும் வேலையைப் பற்றியது. நுழைவுப் பரிசோதனையில் கார்கள் திரும்பிப் போவதும், மோதல் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுபோவதும் பெரும்பாலும் பட்டறையில் செய்த வேலையால்தான். அதை எழுத்தில் பதிந்து வைத்தால் புதிதாகச் சேருபவர்களுக்கு உதவும் என்று செயற்குழு கருதியது.

கார் கிடைக்கும் நிலை

பாடியும் சேசிஸும் (அடிச்சட்டம்) தனித்தனியாக இருந்து போல்ட்டால் இணைக்கப்பட்ட பெரிய கார்கள்தாம் நம் பிரிவுக்கு உரியவை. செவ்ரோலே கேப்ரிஸ், இம்பாலா வகைகளின் தயாரிப்பு 1996-இல் நின்றது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் அதன் உடன்பிறப்புகளான மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் காரும் 2011-இல் நின்றன. ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் ஆலை அந்த ஆண்டு மூடப்பட்ட பிறகு இந்த வகைப் பெரிய செடான் அமெரிக்கச் சந்தைக்கு வருவதில்லை. அதற்கு முன்பே, 2009-இல் பழைய கார்களுக்கு மாற்றுத் தொகை கொடுத்த அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் திட்டத்தில் ஏறக்குறைய 6,77,000 வண்டிகள் கழிக்கப்பட்டன. அவற்றின் என்ஜின்களில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு இறுக வைத்தார்கள். அந்த என்ஜின்கள் யாருக்கும் பயன்படாமல் போயின.

எனவே இன்று கையில் இருக்கும் ஒவ்வொரு சேசிஸும் இரண்டு மூன்று பருவங்களுக்கு வர வேண்டும். இரும்பைக் குவித்துக் கட்டிய ஒரு கார் மற்ற கார்கள் எல்லாவற்றையும் ஒரே இரவில் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடும். வெல்டிங் அளவுகளைச் சங்கம் கட்டுப்படுத்துவதன் முதல் காரணம் இதுதான். 1967-க்கு முந்தைய கிரைஸ்லர் இம்பீரியல் கார்களுக்குப் பல திடல்களில் உள்ள தடை நம்மிடமும் தொடர்கிறது. அதன் சேசிஸோடு மற்றவை ஈடுகொடுக்க முடியாது. 1967 முதல் வந்த இம்பீரியலும், எழுபதுகளின் பெரிய கிரைஸ்லர்களும் தனிச் சேசிஸ் இல்லாதவை. அவற்றை இந்தப் பிரிவில் பதிவு செய்யக் கொண்டுவர வேண்டாம்.

கிரவுன் விக்டோரியா வாங்குவோர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2003 முதல் வந்தவற்றில் முன் கிராஸ் மெம்பர் (என்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அலுமினியம். ஸ்டியரிங்கும் ரேக் வகை. அலுமினியம் வளையாது, பிளந்து உடையும். உடைந்தால் என்ஜின் தொங்கிவிடும். 2002 வரையிலான வண்டிகளில் இரும்புக் கிராஸ் மெம்பரும் ஸ்டியரிங் பாக்ஸும் இருப்பதால் கட்டுவதற்கு அவையே நல்லவை.

கழற்றும் வேலை

இரும்பு வெட்டும் கேஸ் டார்ச் பற்றவைக்கும் முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி, வண்டியை விட்டு வெளியே கொண்டுபோய் வையுங்கள். அதன் பிறகு ஏசி வாயு. 1990-களின் நடுப்பகுதி வரை ஆர்-12, பின்னர் ஆர்-134ஏ. இரண்டையும் காற்றில் விடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய கார்களின் பானெட், டிக்கி விளக்குகளில் பாதரச சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் தனியாக ஒப்படையுங்கள், வண்டியோடு உருக்காலைக்குப் போகக் கூடாது.

ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி இணைப்பைப் பிரித்துச் சிறிது நேரம் விட்ட பிறகே பையைத் தொட வேண்டும். கண்ணாடிகளை உடைத்து எடுப்பது இந்த ஆண்டும் தொடர்ந்தது. உடைத்தால் துண்டுகள் கதவுக்குள் இறங்கித் தங்கும், முதல் மோதலில் ஓட்டுநர் மேல் தெறிக்கும். கதவுத் தகட்டைக் கழற்றி முழுக் கண்ணாடியாக வெளியே எடுங்கள். கம்பளம், கூரைத் துணி, பின் இருக்கை, பிளாஸ்டிக், குரோம் பட்டை எல்லாம் வெளியேற வேண்டும். கம்பளத்தின் அடியில் உள்ள பஞ்சு வெல்டிங் பொறியைப் பிடித்துக்கொண்டு, வேலை முடித்து எல்லோரும் போன பிறகு புகையும்.

டாங்க், பேட்டரி, கூண்டு

சேசிஸில் கை வைக்கும் முன் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். உயிர் காக்கும் வேலையைக் கடைசி இரவுக்கு ஒத்திப்போட்டால் அது அரைகுறையாகத்தான் முடியும். பின் இருக்கை இருந்த இடத்தில், நடுவில், 6 காலனுக்கு மேல் போகாத இரும்பு டாங்க். அடிப்பலகையில் போல்ட் போட்டு, மேலே இரண்டு இரும்புப் பட்டை. நைலான் பட்டை ஏற்கப்படாது. எரிபொருள் குழாய் தளத்தின் மேல் வந்து, எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கமாக என்ஜினை அடைய வேண்டும். எலக்ட்ரிக் பம்ப் வைத்தால் அதை நிறுத்தும் சுவிட்ச், கூரைப் பக்கம் சிவப்பு நிறத்தில், தீயணைப்புக்காரர் வெளியிலிருந்து கை நீட்டி எட்டும்படி இருக்கட்டும்.

ஃபோர்டு வண்டிகளின் டிக்கியில் மோதலை உணர்ந்து பம்ப்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. மூல வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் முதல் நல்ல அடியிலேயே பெட்ரோல் நின்று, என்ஜின் ஏன் இறந்தது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அந்த சுவிட்சைக் கடந்து வயரை இணையுங்கள், கூரை சுவிட்ச் கண்டிப்பாக வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன். கம்ப்யூட்டர், திருட்டுத் தடுப்புச் சாவி ஆகியவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட, கார்புரேட்டர் போட்ட 350 கன அங்குலச் செவ்ரோலே என்ஜினை மாற்றி வைப்பது பலருக்கும் எளிதாக அமைகிறது.

பேட்டரி, முன் பயணியின் கால் வைக்கும் இடத்தில் இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். மேலே ரப்பர் விரிப்பு. கேபிள் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தோல் கிழிந்து, பாடியைத் தொட்டுத் தீப்பிடிக்கும்.

ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு நான்கு முனை: இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய், டேஷ் இடத்தில் ஒன்று, இரு கதவோரமும் ஒவ்வொன்று. இருக்கைக்கு மேலே கூரையைத் தாங்கும் வளைவும் வேண்டும். குழாய் 3 முதல் 4 அங்குல விட்டம். டேஷ் குழாய்க்கும் ஃபயர்வாலுக்கும் (என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகடு) இடையே 5 அங்குலம் விடுங்கள். இந்த இடைவெளியை அளந்து பார்க்கும்படி பரிசோதகர்களைக் கேட்டுக்கொண்டுள்ளேன். குழாய் ஃபயர்வாலைத் தொட்டால் கூண்டு சேசிஸின் ஓர் உறுப்பாகிவிடும், அது பாதுகாப்பு வேலை அல்ல. முன் கண்ணாடி இடத்தில் கூரையிலிருந்து கவல் (முன் கண்ணாடியின் அடி விளிம்பிலுள்ள தகடு) வரை இரண்டு கம்பிகளாவது இருந்தால்தான், கழன்ற பானெட் ஓட்டுநர் முகத்துக்கு வராது.

சேசிஸ்

பின்பக்கத்தால் அடித்து, முன்பக்க ரேடியேட்டரைக் காப்பதே நம் ஆட்டத்தின் அடிப்படை. ஆகவே பின் சேசிஸ் எப்படியும் மடியும். எந்தப் பக்கம் மடிகிறது என்பதே கேள்வி. மேல்நோக்கிச் சுருண்டால் பின்சக்கரங்கள் தரையில் நிற்கும், வண்டி தொடர்ந்து ஓடும். கீழ்நோக்கி மடிந்தால் பம்பர் மண்ணில் ஊன்றிச் சக்கரங்களைத் தூக்கிவிடும்.

இதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று பம்பரின் உயரம். அடி விழும் இடம், ரெயில் (சேசிஸின் நீளவாட்டுச் சட்டம்) மடியும் இடத்தைவிட மேலே இருந்தால் வால் மேலே போகும், கீழே இருந்தால் உள்ளே சொருகும். ஸ்பிரிங் தளர்ந்து தொங்கும் வண்டிகள் பின்பக்கம் சொருகுவதன் காரணம் இதுதான். பம்பரின் அடிப்பாகம் தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் குறையாமலும் 22 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்ற விதி தொடர்கிறது. மற்றொன்று வெட்டு. பின் ஆக்ஸில் மேட்டுக்குப் பின்னால், ரெயிலின் மேல் முகத்தில் ஒரு வெட்டோ சுத்தியல் பள்ளமோ போட்டால் அந்த இடம் மூடிக்கொண்டு வால் மேலே எழும். கீழ் முகத்தில் போட்டால் எதிர்ப்பலன். இடது வலது இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் வண்டி வாழைப்பழம்போல் பக்கவாட்டில் வளைந்து, பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் பிடுங்கிக்கொள்ளும்.

முன்பக்கத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. தடித்த தகடுகளை நீளமாக ஒட்டினால் சேசிஸ் வலுவாகும் என்ற நம்பிக்கை இன்னும் விடவில்லை. தகடு முடியும் கோட்டில் வலுவும் திடீரென முடிகிறது. மடிப்பு அங்கேதான் விழும், அது பெரும்பாலும் ஃபயர்வாலுக்குச் சற்று முன். அப்போது என்ஜின் பின்னுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிரும் பாகம்) உடையும். செவ்ரோலேயின் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பின்முனையில் இருப்பதால் முதல் பலி அதுதான். ஃபயர்வாலில் அதற்கு நேராக வெட்டி இடம் விட்டிருக்க வேண்டும். தகட்டின் முனைகளைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்டினால் அழுத்தம் பரவும். அடுத்த பருவத்துக்குத் தகட்டின் அளவு 4 அங்குலம் பெருக்கல் 6 அங்குலம், கனம் கால் அங்குலம், ஒரு வண்டிக்கு நான்கு மட்டும் என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. தகட்டை ஒட்டும் முன் ரெயிலைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். துரு உரிந்து மந்தமான ஓசை வந்தால் அந்தச் சேசிஸில் பணத்தையும் உழைப்பையும் போட வேண்டாம்.

பாடியைச் சேசிஸ் மேல் தாங்கும் பாடி மவுண்ட் ரப்பர்கள் இறுகிப் பொடிந்திருக்கும். போல்ட்டை மாற்றலாம், ஆனால் பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி இருக்க வேண்டும். துருப்பிடித்த தளத்தின் வழியே போல்ட் தலை உருவிக்கொண்டு போகாமலிருக்க, மேலே 3 அங்குல வாஷர் போடுங்கள். கதவு, டிக்கி விளிம்புகளில் 5 அங்குலம் வெல்டிங், 5 அங்குலம் இடைவெளி. ஓட்டுநர் கதவை முழுதாக வெல்டு செய்யலாம். பானெட்டுக்கு ஆறு பிடிகள், முன் இரண்டும் ரேடியேட்டர் தாங்கி வழியாகச் சேசிஸ் வரை இறங்கும் திரெட் கம்பி. பானெட் நடுவே 12 அங்குலத் துளை கட்டாயம். தீ எழுந்தால் பானெட்டைத் திறக்க முடியாது, அந்தத் துளைதான் வழி.

ஓடும் பாகங்கள்

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர். ஆன்டிஃபிரீஸ் (உறைதடுப்புத் திரவம்) திடல் மண்ணில் கொட்டினால் வழுக்கும், மிருகங்கள் குடித்தால் சாகும். கண்காட்சியில் கால்நடைக் கொட்டகைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஸ்பைடர் கியர்களை வெல்டு செய்யாவிட்டால், ஒரு சக்கரம் தூக்கியதும் அது மட்டும் சுழலும், வண்டி நகராது. வெல்டு செய்தால் ஆக்ஸில் மேல் சுமை கூடும். ஃபோர்டு 8.8 போன்ற பின் ஆக்ஸில் வகைகளில் ஆக்ஸிலை உள்ளே ஒரு சி-கிளிப் மட்டுமே பிடித்திருக்கும். ஆக்ஸில் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். தேய்ந்த ஆக்ஸிலை மாற்றிவிட்டு வெல்டு செய்வது நல்லது. பின் சேசிஸ் மடியும்போது ஆக்ஸில் முன்னுக்கு வரும், அதனால் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரு துண்டு ஷாஃப்ட் வேண்டும். ஒரே துண்டு ஷாஃப்ட் கியர் பாக்ஸின் வாலை உடைத்துவிடும்.

கியர் பாக்ஸ் எண்ணெய்க் குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் போனால் உருகி, சூடான எண்ணெய் தீயாகும். இந்தப் பருவத்தில் கொடி காட்டி நிறுத்திய தீகளில் பெட்ரோலால் வந்தவற்றைவிட இப்படி வந்தவையே அதிகம். டயர் வால்வுக்கு மேல் ஒரு சிறு குழாய்த் துண்டை வெல்டு செய்து மூடினால் அடியில் வால்வு வெட்டுப்படாது.

அடுத்த பருவத்துக்கான குறிப்புகள்

ஓட்டுநர் கதவில் வேண்டுமென்றே அடித்தால் உடனடி வெளியேற்றம். ஒரே வண்டியில் இரண்டாம் முறை தீ எழுந்தாலும் அப்படியே. நிமிடத்துக்கு ஓர் அடியாவது அடிக்காத வண்டியின் குச்சியை நடுவர் ஒடிக்கச் சொல்வார்; ஓட்டுநர் பக்கம் கட்டிய அந்தக் குச்சி ஒடிந்தால் வண்டி ஆட்டத்திலிருந்து விலகியதாகப் பொருள். தகடு, கூண்டு, டாங்க் ஆகியவற்றின் படங்களைப் பெயின்ட் அடிக்கும் முன் எடுத்து வைத்திருங்கள். அடித்த பின் வெல்டிங்கின் நீளத்தை அளக்க முடியாமல் பரிசோதகரும் ஓட்டுநரும் வாதிடும் நிலை இனி வேண்டாம். வண்டியின் உரிமைப் பத்திரத்தைத் தொலைக்காதீர்கள், முடிவில் பழைய இரும்புக் கடை அதைக் கேட்கும்.

திடலைத் தந்த கண்காட்சிக் குழுவினருக்கும், ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்ணீர்க் குழாயோடு நின்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கும், வெயிலில் நின்று வண்டிகளுக்கு அடியில் படுத்து அளந்த பரிசோதகர்களுக்கும் சங்கத்தின் நன்றி. தகடு அளவு பற்றிய செயற்குழுவின் முடிவையும் இவ்வறிக்கையையும் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்